எக்கோ வேலையில் பலரும் கோட்டைவிடும் இடங்கள்

எக்கோ லேபுக்கு, அதாவது அல்ட்ராசவுண்டால் இதயத்தைப் படம்பிடிக்கும் இடத்துக்கு, ஆள் எடுக்கும்போது நான் கேள்வி அதிகம் கேட்பதில்லை. சான்றிதழ்களை ஒரு முறை புரட்டிவிட்டு, வந்தவர் கையில் ஸ்கேன் செய்யும் ப்ரோபைக் கொடுத்துவிடுவேன். அடுத்த 20 நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

ஒருமுறை வந்தவருக்கு ஆறு வருட அனுபவம். படுத்திருந்த முதியவருக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வழியிலுள்ள அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பேறிக் கெட்டித்துப் போயிருந்தது. வந்தவர் எடுத்த படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. இதயத்தின் நுனிப்பக்கத்திலிருந்து, ரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் போட்டார். நொடிக்கு 3.6 மீட்டர் வந்தது. படத்தை நிறுத்தி, அளந்து, 'மிதமான அடைப்பு' என்று எழுதிவிட்டு ஜெல்லைத் துடைக்கத் துண்டை எடுத்தார். மெஷினின் பக்கவாட்டில், படம் காட்டாமல் வேகத்தை மட்டும் அளக்கும் பென்சில் ப்ரோப் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியவரை வலது பக்கமாகத் திருப்பிப் படுக்கச் சொல்லி, மார்பெலும்புக்கு வலப்புறம் அந்தப் பென்சில் ப்ரோபை வைத்துத் தேடினோம். 4.2 மீட்டர் வந்தது.

டாப்ளர் தனக்கு நேர்க்கோட்டில் ஓடும் ரத்தத்தைத்தான் முழு வேகத்தில் அளக்கும். கோணம் 20 டிகிரி விலகினால் 6 சதவீதம் குறைத்துக் காட்டும். 30 டிகிரி விலகினால் 13 சதவீதம். அதோடு நிற்பதில்லை. வேகத்தை வர்க்கமாக்கி நான்கால் பெருக்கித்தானே அழுத்த வேறுபாட்டைச் சொல்கிறோம்? 3.6 மீட்டருக்கு 52 மிமீ பாதரசம், 4.2 மீட்டருக்கு 71. வேகம் 4 மீட்டரைத் தொட்டாலே தீவிர அடைப்பு என்று கணக்கு. அந்தப் பெரியவருக்கு வால்வை மாற்றுவதா, காத்திருப்பதா என்ற முடிவு அந்தக் கோணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்தவரை நாங்கள் எடுக்கவில்லை. 3.6 வந்தது குற்றமே இல்லை, யாருக்கும் வரும். முதலில் கிடைத்த எண்ணோடு அவர் திருப்தியாகிவிட்டார், அதுதான் உறுத்தியது. இதே குணம் வால்வுக்குக் கீழே ரத்தம் வெளியேறும் பாதையின் விட்டத்தை அளக்கும்போதும் தலைகாட்டும். 2.0 செமீ இருப்பதை 1.8 என்று அளந்தால், 'ரெண்டு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். ஆனால் பரப்பு 3.14லிருந்து 2.54 சதுர செமீ ஆகிவிடும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. வால்வின் பரப்பைக் கணக்கிட்டால் அதிலும் அதே பங்கு குறையும். வேலை வாய்ப்பு பற்றிப் பேச வந்தவன் இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நேரில் ஸ்கேன் செய்யச் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்.

சேர்ந்த பிறகு விசாரிப்பது

அடுத்த தவறு படிப்பில் தொடங்குகிறது. 'எக்கோ கோர்ஸ்' என்று பெயர் இருந்தாலே போதும் என்று சேர்ந்துவிடுகிறார்கள். முடித்த பிறகுதான் எந்தத் தேர்வுக்கு இந்தப் படிப்பு தகுதி தரும் என்று தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். எந்த நாட்டில், எந்த வேலை என்று முதலில் தோராயமாகவாவது முடிவு செய்யுங்கள். அங்கே கேட்கும் சான்றிதழ் எது, அதற்கு எழுத என்ன தகுதி என்று பாருங்கள். அப்புறம் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அமெரிக்காவில் இரண்டு அமைப்புகளின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஒன்று ஏஆர்டிஎம்எஸ், இது தருவது ஆர்டிசிஎஸ் பட்டம். இன்னொன்று சிசிஐ, இது தருவது ஆர்சிஎஸ். முதலாவதில் எஸ்பிஐ என்ற இயற்பியல் தேர்வு ஒன்று, பெரியவர்களுக்கான எக்கோ, குழந்தைகளுக்கான எக்கோ, கருவின் எக்கோ என்று துறைத் தேர்வு இன்னொன்று. இரண்டையும் ஐந்து வருட இடைவெளிக்குள் முடித்தால்தான் பட்டம். பலர் இயற்பியல் தேர்வை எழுதிவிட்டு, 'பெரிய மலையைத் தாண்டியாச்சு' என்று மூச்சுவிட்டு, வேலை, கல்யாணம், குழந்தை என்று துறைத் தேர்வைத் தள்ளிப்போடுகிறார்கள். ஐந்து வருடம் ஓடிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

பட்டம் கிடைத்தபிறகும் கதை முடிவதில்லை. மூன்று வருடத்துக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தாகவேண்டும். கடைசி மாதத்தில் நள்ளிரவு வரை இணையவழி வகுப்புகளை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மாதத்துக்கு ஒரு புள்ளி சேர்த்தால் வேலை முடிந்தது.

பிரிட்டிஷ் எக்கோ சங்கத்தின் அங்கீகாரத்துக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. 250 கேஸ்கள் கொண்ட லாக்புக் வேண்டும், நேரில் ஸ்கேன் செய்தும் காட்டவேண்டும். பலருக்கும் இடறுவது லாக்புக்கில்தான். எண்ணிக்கையைப் பற்றி யாரும் பயப்படவேண்டாம், பரபரப்பான லேபில் சில மாதத்தில் 250ஐத் தாண்டிவிடலாம். ஆனால் எல்லாமே சாதாரண இதயங்களாக இருந்தால் எடுபடாது. பல வகை நோய்கள் அதில் இருக்கவேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்தபிறகு லாக்புக்கைத் திறப்பவருக்கு, போன வருடம் பார்த்த அந்த அருமையான மைட்ரல் ஸ்டெனோசிஸ் (மைட்ரல் வால்வு சுருக்கம்) கேஸின் ரிப்போர்ட் இனி எங்கே கிடைக்கும்? முதல் நாளிலிருந்தே எழுதி வைப்பது ஒன்றே வழி.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். திறமையைக் காட்டுகிறேன் என்று சிலர் தங்கள் எக்கோ படங்களைப் போனில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் எனக்கு ஒரு வீடியோவைப் பெருமையோடு நீட்டினார். மேல் மூலையில் நோயாளியின் பெயர், வயது, பதிவு எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதற்கப்புறம் நான் இதயத்தைப் பார்க்கவே இல்லை. இப்படிப்பட்டவரிடம் எங்கள் நோயாளிகளை எப்படி ஒப்படைப்பது? படம் காட்டவேண்டுமென்றால் மருத்துவமனையின் அனுமதி வாங்கி, அடையாளங்களை முழுக்க நீக்கிவிட்டுக் காட்டுங்கள். லாக்புக்குக்கும் இதே விதிதான்.

தலைப்பை மட்டும் படிப்பது

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எக்கோ எடுக்க ஆள் எதற்கு என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது எனக்கு ஒரு செய்தியை அனுப்புகிறார்கள். இளைஞர்கள் சிலர் இதைப் பார்த்தே இந்தத் துறைக்கு வரத் தயங்குகிறார்கள். செய்தியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ப்ரோபை எப்படி நகர்த்தவேண்டும் என்று திரையில் வழிகாட்டும் மென்பொருள் ஒன்றுக்கு 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதற்கான ஆய்வில், முன்பு எக்கோவே எடுத்திராத 8 செவிலியர்கள் 240 நோயாளிகளை ஸ்கேன் செய்தார்கள். இடது கீழறையின் அளவையும் இயக்கத்தையும், இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா என்பதையும் மதிப்பிடப் போதுமான படங்கள் அநேகமாக எல்லாரிடமும் கிடைத்தன. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்தது 10 நிலையான காட்சிகள், பதில் தேடியது சில அடிப்படைக் கேள்விகளுக்கு. பென்சில் ப்ரோபைத் தூக்கிக்கொண்டு மார்பின் வலப்புறம் 4.2ஐத் தேடியலையும் வேலை அதில் இல்லை.

2023இல் நேச்சர் இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. சுமார் 3,500 எக்கோக்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவான எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனின் முதல் மதிப்பீட்டைப் பாதிக்கு மென்பொருளும், மீதிக்கு எக்கோ எடுக்கும் சோனோகிராஃபரும் செய்தார்கள். எது யாருடையது என்று கார்டியாலஜிஸ்டுக்குத் தெரியாது. மென்பொருளின் மதிப்பீட்டை அவர் கணிசமாகத் திருத்தியது 16.8 சதவீதம், சோனோகிராஃபருடையதைத் திருத்தியது 27.2 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கீழறையின் ஓரத்தை மவுஸால் சுற்றிச் சுற்றி வரையும் வேலையை மெஷின் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வரைவதற்குப் படம் வேண்டுமே, அதை எடுத்துத் தந்தது ஒரு மனிதக் கைதான். 'நான் அளவெடுப்பதில் வேகமானவன்' என்பது மட்டுமே உங்கள் தகுதியென்றால், சரி, நீங்கள் கவலைப்படலாம்.

உண்மையில் கவனிக்கவேண்டிய செய்திகள் வேறு பக்கத்தில், வால்வு சிகிச்சையில் வந்துகொண்டிருக்கின்றன. 2002இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலன் கிரிபியே குழாய்வழியாக முதல் அயோர்ட்டிக் வால்வைப் பொருத்தினார். அதிலிருந்து குழாய்வழி வால்வு சிகிச்சையில் எக்கோவின் பங்கும் மெல்லப் பெருகியது. இதயத்தின் வலது பக்கத்திலுள்ள மூவிதழ் வால்வை 'மறந்துபோன வால்வு' என்றே எங்கள் துறையில் சொல்வார்கள். 2024இல் அதற்கான இரண்டு குழாய்வழிச் சிகிச்சைக் கருவிகளுக்கு, இவோக், ட்ரைக்ளிப் இரண்டுக்கும், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதன் பொருள் என்ன? வலது பக்கத்தை இதுவரை ஒப்புக்குப் பார்த்து 'லேசான கசிவு' என்று எழுதிவந்தவர்களிடம் இனி இதழ் இதழாகக் கேள்வி வரும். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. வாய்ப்பு என்று நான் சொல்வது இந்த மாதிரி இடத்தைத்தான்.

புற்றுநோய் மருந்து எடுப்பவர்களின் இதயக் கண்காணிப்பும் அப்படித்தான். இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் ஸ்ட்ரெய்ன் அளவு முதல் அளவைவிட 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் எச்சரிக்கை மணி. முதல் தடவை ஒரு நிறுவனத்தின் மெஷினிலும் அடுத்த தடவை வேறொன்றிலும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக்கூடாது. சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அவசரத்தில் காலியாக இருக்கும் மெஷினில் போட்டுவிடுவார்கள்.

வழிகாட்டு நெறிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கீழறை விரிவடையும் திறன் பற்றி 2016இல் வந்த வரைபடத்தைப் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்க எக்கோ சங்கம் 2025இல் அதைப் புதுப்பித்துவிட்டது. நேர்காணலில் பழையதைச் சரியாகச் சொன்னால் தவறில்லை. புதியது வந்ததே தெரியாது என்றால் அது முகத்தில் தெரிந்துவிடும்.

சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவது

வேலைக்கு ஆள் எடுப்பவனே இதைச் சொல்வது விசித்திரம்தான். இருந்தாலும் சொல்கிறேன், நீங்களும் எங்களைக் கேள்வி கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் என்று முதலில் கேளுங்கள். எக்கோ லேபுகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஐஏசி அமைப்பு, முழு எக்கோ ஒன்றுக்கு நோயாளி உள்ளே வந்து வெளியே போகும்வரை 45 முதல் 60 நிமிடம் என்று பரிந்துரைக்கிறது. எட்டு மணி நேரத்தில் 20 கேஸ் என்று சொன்னால் ஆளுக்கு 24 நிமிடம். சாப்பாடு, தண்ணீர் எதுவும் இல்லாமல்! அந்த இடத்தில் சம்பளம் எவ்வளவு அதிகமானாலும், உங்கள் கை கெட்டுப்போகும். 3.6ஓடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. நான் எடுக்காமல் விட்டவரும் அப்படியொரு இடத்தில்தான் ஆறு வருடம் இருந்திருப்பாரோ என்று பின்னால் யோசித்தேன்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் மருத்துவர் பக்கத்தில் இருப்பாரா, உங்கள் தவறைச் சொல்லித் தருவாரா என்றும் கேளுங்கள். இரவு அழைப்பு வாரத்துக்கு எத்தனை நாள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் உடம்பு. சோனோகிராஃபர்களிடம் நடத்தப்பட்ட கருத்தாய்வுகளில், வலியோடு ஸ்கேன் செய்வதாகச் சொல்பவர்கள் 80 சதவீதத்துக்கு மேல் வந்திருக்கிறார்கள். தோள், கழுத்து, மணிக்கட்டு மூன்றும் முதலில் போகும். ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த கேஸைக் கூப்பிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் காலை வலது கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. மூன்று மாதம் ப்ரோபைத் தொடவில்லை.

கையை உடம்பிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விரித்து வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்யாதீர்கள். நோயாளியை உங்கள் பக்கம் நகர்ந்து படுக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு சுருட்டிய துண்டு வைத்தாலே பாதி பாரம் இறங்கும். நேர்காணலுக்குப் போகும் இடத்தில் ஸ்கேன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டில் ஏறி இறங்குகிறதா, நுனிப்பக்கக் காட்சி எடுக்கக் கை உள்ளே போகும்படி மெத்தையில் வெட்டு இருக்கிறதா, நாற்காலியின் உயரத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். 'கட்டிலையெல்லாம் எதற்குப் பார்க்கிறீர்கள்' என்று அவர்கள் சிரித்தால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.