பாய்மரக் கப்பல் மாடலுக்கான மரப் பாகங்களை நாமே செய்வது எப்படி

கிட் பெட்டியில் வரும் கப்பிகளையும் கிராதிகளையும் ஓரமாக வைத்துவிட்டு, எல்லாவற்றையும் மரக்கட்டையிலிருந்து சொந்தமாகவே செய்து பார்க்கலாம் என்று கை அரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: சின்னப் பாகத்தைச் சின்னதாக வெட்டி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்காதீர்கள். 3 மி.மீ. கப்பியை விரலில் பிடிக்க முடியாது, வைஸில் வைத்தால் நசுங்கும், கீழே விழுந்தால் திரும்பக் கிடைக்காது. கைக்கு அடங்கும் நீளக் குச்சியிலோ பலகையிலோ துளை, பள்ளம், வளைவு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பாகத்தைக் கடைசியாக அறுத்து எடுங்கள். கீழே வருவதில் பாதிக்கு மேல் இதே வேலையை வேறு வேறு பாகங்களில் செய்வதுதான்.

மரம் எது என்று எல்லோரும் கேட்பார்கள். நிஜக் கப்பல் ஓக்கில் கட்டப்பட்டது, தேக்கில் கட்டப்பட்டது என்பதால் மாடலையும் அதே மரத்தில் செய்ய நினைப்பது இயல்புதான், ஆனால் சரிவராது. ஓக்கின் துளைகளும் ரேகைகளும் அளவுக்கு ஏற்பச் சுருங்குவதில்லை, 1:64 மாடலில், அதாவது நிஜத்தில் 64-இல் ஒரு பங்காகச் சுருக்கியதில், அந்த ஒரு துளையே நிஜக் கப்பலில் விரல் நுழையும் பிளவு மாதிரித் தெரியும். தேக்கும் வால்நட்டும் அதே வகைதான். துளை கண்ணுக்குத் தெரியாத, நார் நெருக்கமான மரம் வேண்டும். பாக்ஸ்வுட், பேரி, மேப்பிள் மூன்றும் அருமையானவை, கூர்மையான விளிம்பு நிற்கும். தளத்துப் பலகைக்கு வெளுத்த நிறத்தில் ஹாலி. பாஸ்வுட் வெட்டச் சுலபம், ஆனால் விளிம்பு பிசிறும், அதனால் பெயின்ட் அடிக்கப்போகும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால்சாவை உள்ளே நிரப்புவதற்குத் தவிர வேறு எதற்கும் தொடாதீர்கள்.

அளவுக் கணக்கு எளிது. 1:48 என்றால் நிஜத்தின் 1 அடி மாடலில் 6.35 மி.மீ., 1:64 என்றால் 4.76, 1:96 என்றால் 3.18. அங்குலத்தில் வரும் அளவை 25.4 ஆல் பெருக்கி, அளவு எண்ணால் வகுத்து, வெர்னியர் காலிப்பரில் அந்த எண்ணை வைத்துவிடுங்கள். ஸ்கேல் வைத்து அளப்பதை இந்த வேலையில் மறந்துவிடலாம். அடிக்கடி தேவைப்படும் எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், நடு வேலையில் கால்குலேட்டரைத் தேட வேண்டியதில்லை.

பாய்மரமும் குறுக்குமரங்களும்

கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சியை வாங்கி மெலிதாக்கலாமே என்று தோன்றும். அதில் நார் பெரும்பாலும் சாய்வாக ஓடும், நாளாக நாளாக வளையும், அதைவிடப் பெரிய சிக்கல் என்னவென்றால் உருண்டைக் குச்சியில் கோடு போட ஒரு தட்டையான முகம்கூடக் கிடையாது. சதுரக் குச்சியிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் கட்டையை அறுப்பதற்குப் பதில் பிளந்து எடுங்கள், பிளவு நாரோடு போகும் என்பதால் குச்சி நேராக நிற்கும்.

முதலில் சதுரத்தை நான்கு பக்கமும் நுனி நோக்கி மெலிதாக்க வேண்டும், அப்புறம் எட்டுப் பட்டை, அப்புறம் பதினாறு, கடைசியில்தான் உருண்டை. மெலிவுக்குக் கண்ணளவு போதாது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கப்பல்களில் பாய் தொங்கும் குறுக்குமரத்துக்கு, அதாவது யார்டுக்கு, நடுவிலிருந்து முனைவரை நான்கு பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்கின் முடிவிலும் நடு விட்டத்தில் 30/31, 7/8, 7/10, 3/7 என்று குறைப்பார்கள். நடுவில் 6 மி.மீ. என்றால் 5.8, 5.25, 4.2, 2.6 என்று வரும். எண்களைக் கவனியுங்கள், நடுப்பக்கம் கிட்டத்தட்ட குறைவதே இல்லை, முனையில்தான் விறுவிறுவென்று மெலிகிறது. நடுவிலிருந்து நேர்கோடாக மெலிதாக்கிய யார்டு பார்க்க ஊசி மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எட்டுப் பட்டைக்கு, சதுரத்தின் அகலத்தை 0.293 ஆல் பெருக்கினால் மூலையிலிருந்து எவ்வளவு உள்ளே கோடு போட வேண்டும் என்று வரும். 10 மி.மீ. சதுரத்துக்கு 2.9. அகலம் வழியெல்லாம் மாறுவதால் ஒவ்வொரு இடத்திலும் கணக்குப் போடுவது தொல்லை, அதனால் ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். ஒரு கட்டைத் துண்டின் அடியில் 17 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி, அவற்றுக்கு நடுவில் ஒரு ஆணியிலிருந்து 5 மி.மீ.யிலும் 12 மி.மீ.யிலும் இரண்டு பென்சில் முனை. ஆணிகள் குச்சியின் இரு பக்கமும் உரசும்படி கட்டையைச் சற்றுத் திருப்பிப் பிடித்து இழுத்தால், அகலம் மாற மாற விகிதம் தானாகவே சரியாகிக்கொண்டே வரும். இந்த 5:7:5 விகிதம் நிஜமான பாய்மரம் செய்கிறவர்கள் பயன்படுத்துவதுதான். மெல்லிய குச்சிகளுக்கு இதே கருவியைப் பாதி அளவில் செய்யலாம். 4 மி.மீ.க்குக் கீழே போனால் பென்சில் கோடே பட்டை அளவுக்கு வந்துவிடும், அங்கே விரல்நுனியை நம்ப வேண்டியதுதான்.

இழைக்கும்போது சதுரக் குச்சியின் மூலை மேலே பார்க்கும்படி பிடிக்க, இரண்டு பட்டிகளின் விளிம்பைச் சரிவாகச் சீவி ஒட்டி ஒரு வி-பள்ளம் செய்துகொள்ளுங்கள். உருண்டையாக்க உப்புத்தாளை நீளவாக்கில் ஓட்டுங்கள், ட்ரில்லில் மாட்டிச் சுற்றுவது கடைசி மெருகுக்கு மட்டும். நிஜ யார்டுகளில் பலவற்றின் நடுப்பகுதி எட்டுப் பட்டையாகவே விடப்பட்டிருக்கும், உருட்டும் வேகத்தில் அதையும் உருட்டிவிடாதீர்கள்.

கப்பிகள்

கயிற்று அளவு பழைய குறிப்புகளில் சுற்றளவாகவே இருக்கும், விட்டமாக அல்ல. 3 அங்குலக் கயிறு என்றால் அதை 3.14 ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 24 மி.மீ. விட்டம், 1:64-இல் 0.38. கப்பியின் நீளம் கயிற்று விட்டத்தைப்போல் எட்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால் சுமார் 3 மி.மீ. மாடல்களில் கப்பிகள் கொழுத்துத் தெரிவது இந்தச் சுற்றளவு விஷயம் தெரியாததால்தான் என்பது என் எண்ணம்.

பாக்ஸ்வுட்டிலோ பேரியிலோ 2.4 மி.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் உள்ள, ஒரு சாண் நீளப் பட்டி எடுங்கள். கப்பியின் நீளத்தோடு ரம்பத்தின் கனத்தையும் சேர்த்து வரிசையாகக் குறியுங்கள். ஒவ்வொரு கப்பிக்கும் இரண்டு துளை, 0.5 மி.மீ. பிட்டில், உள்ளே சக்கரம் இருந்தால் அதன் இரு முனைகளும் வரும் இடங்களில். துளைகளுக்கு நடுவே கத்தி முனையால் ஒரு சின்னப் பள்ளம் கீறிவிட்டால் சக்கரம் இருப்பதாகவே கண் நம்பிவிடும். பிறகு கப்பிக்கும் கப்பிக்கும் நடுவே நான்கு பக்கமும் அரத்தால் ஆழமாக வெட்டி மூலைகளை உருட்டுங்கள், கட்டுக்கயிறு உட்காரும் பள்ளத்தை முக்கோண அரத்தால் போடுங்கள். அதற்கப்புறம்தான் ரம்பம். அறுத்தவற்றை, உட்புறம் உப்புத்தாள் ஒட்டிய ஒரு சிறிய டப்பாவில் போட்டு, டப்பாவை ட்ரில்லில் மாட்டி மெதுவான வேகத்தில் சுற்றவிட்டால் விளிம்புகள் எல்லாம் ஒரே மாதிரி மழுங்கிவரும். எத்தனை தேவையோ அதைவிடக் கணிசமாக அதிகம் செய்யுங்கள், துளை ஓரமாகப் போனவை எப்படியும் கழியும்.

கிராதிகள்

தளத்தின் திறப்புகள்மேல் கிடக்கும் இந்தச் சதுரத் துளைக் கிராதியைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள், ஆனால் சின்ன வட்ட ரம்பம் இருந்தால் இதைவிடச் சுலபமான பாகம் கிடையாது. 2 மி.மீ. கனப் பலகையில், நாருக்குக் குறுக்கே, பாதி ஆழத்துக்கு 1 மி.மீ. அகலப் பள்ளங்களை 1 மி.மீ. இடைவெளியில் வெட்ட வேண்டும். இடைவெளி பிசகாமல் இருக்க, முதல் பள்ளத்தில் சரியாக நுழையும் ஒரு மெல்லிய பட்டியை ரம்ப மேசையின் தள்ளுபலகையில் ஒட்டிவிடுங்கள். ஒரு பள்ளம் வெட்டியதும் அதை அந்தப் பட்டியில் உட்காரவைத்தால் அடுத்த பள்ளம் தானாகச் சரியான தூரத்தில் விழும். பிறகு பலகையை நார் ஓட்டத்தில் 1 மி.மீ. பட்டிகளாக அறுத்தால் சீப்பு சீப்பாக வரும். ஒன்றைக் கவிழ்த்து மற்றொன்றின்மேல் குறுக்காகக் கோத்து, தண்ணீர் கலந்த பிவிஏ பசையை, அதாவது வெள்ளை மரப்பசையை, தூரிகையால் விட்டுவிடுங்கள். ரம்பத்தில் கை விரலால் தள்ளாதீர்கள், தள்ளுகட்டை கட்டாயம். கடினமரத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடியும் கட்டாயம்.

நிஜத்தில் துளை சுமார் 3 அங்குலம், மாடலில் அளந்து பாருங்கள், அதே அளவுக்குச் சுருக்கிய மாலுமியின் கால் உள்ளே போகுமானால் கிராதி தப்பு. இன்னொன்று, கிராதியை முதலில் செய்துவிட்டு அதைச் சுற்றிச் சட்டத்தைச் செய்யுங்கள். சட்டத்தை முதலில் செய்தால் ஓரத்தில் அரைத் துளை வந்து நிற்கும்.

அலங்காரப் பட்டிகளுக்கும் இதே புத்திதான். உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றில் வேண்டிய வளைவை ஊசி அரத்தால் தேய்த்துக்கொண்டு, ஒரு அகலப் பலகையின் விளிம்பில் இழுங்கள். பிளேடை இழுக்கும் பக்கம் சற்றுச் சாய்த்து, அழுத்தாமல், பல முறை. நார் பிய்ந்தால் எதிர்ப்பக்கம் இழுத்துப் பாருங்கள். உருவம் முழுசாக வந்ததும் பட்டியைப் பலகையிலிருந்து அறுத்தெடுங்கள்.

உடற்பலகைகள்

முன்பக்க வளைவில் பலகையைப் பக்கவாட்டில் வளைக்க முயன்று முறுக்கிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பலகை தட்டையாக வளையும், விளிம்புவாக்கில் வளைய மறுக்கும், அதனால் அந்த வளைவை வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். கீழே ஒட்டிய பலகையின் மேல் விளிம்பையும் அடுத்த பலகை வரவேண்டிய கோட்டையும் மூடும்படி ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டி, அந்த விளிம்பைப் பென்சிலால் வரைந்து, டேப்பைக் கழற்றி மரத்தில் ஒட்டி, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மீதியை உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துங்கள். தட்டையான வளைவுக்கு வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்பில் அழுத்தினால் போதும். ஈர மரம் உப்பியிருக்கும், அதனால் வளைந்த நிலையில் கட்டி, நன்றாகக் காய்ந்தபின்தான் ஒட்ட வேண்டும். அம்மோனியாவில் ஊறவைக்கச் சொல்வார்கள், வீட்டு அம்மோனியா மரத்தை மென்மையாக்குவதில்லை, நிறத்தைத்தான் கெடுக்கும்.

தளத்தில் பலகைகளுக்கு நடுவே தார் கோடு காட்ட, விளிம்பில் மென்மையான பென்சிலைத் தேய்த்தாலே போதும், 1:64-இல் அந்தக் கோடு 0.15 மி.மீ.தான் இருக்க வேண்டும். பலகைகளைச் சேர்த்து இறுக்கும் மர ஆணி வேண்டுமென்றால் மூங்கில்தான் ஒரே வழி, அது நேராகப் பிளக்கும். பிளந்த குச்சியை, இரும்புத் தகட்டில் வரவரச் சிறிதாகும் துளைகளில் ஒவ்வொன்றாக இழுத்துச் சீவி 0.5 மி.மீ. வரை கொண்டுவர வேண்டும், துளையின் கூர்விளிம்பு இருக்கும் பக்கத்திலிருந்து நுழைத்தால்தான் சீவும். 1:96-இல் இதை விட்டுவிடுங்கள், தளம் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

பசைக்கு பிவிஏதான். ஒட்டியது கோணலானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊறவிட்டுப் பிரித்துவிடலாம், சூப்பர் குளூவில் அந்த வசதி இல்லை. எண்ணெய் பூசுவதற்கு முன் எல்லா இடத்தையும் கொஞ்சம் டர்பென்டைனால் துடையுங்கள். பசை வழிந்த இடம் ஈரம் ஏறாமல் வெளிறித் தெரியும், அதை அப்போதே பிளேடால் சுரண்டிவிடுங்கள், ஏனென்றால் எண்ணெய் பட்டபிறகு அந்தத் திட்டு போகாது.