பிள்ளைக்குப் பாவித்த சாமான் வாங்கும்போது விடக்கூடாத பிழைகள்

முதல் பிள்ளைக்குச் சாமான் சேர்க்கும் சோடிகள் ‘மலிவாக எடுத்தோம்’ என்று கொண்டுவந்து காட்டும்போது எனக்குப் பாதி சிரிப்பு, பாதி எரிச்சல். எங்கள் மூத்தவனுக்கு நாங்கள் விட்ட அதே பிழைகள், அதே ஒழுங்கில்! தோய்த்துப் போடுங்கள், கிழிசல் பாருங்கள், விலை பேசுங்கள் என்பதெல்லாம் உங்கள் மாமியே சொல்லுவா. அதை விடுவோம்.

கழற்றிக் கட்டி வைத்த கட்டிலை வாங்குவது

இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது.

யாரோ வெளிநாட்டிலிருந்து பொதியில் அனுப்பிய மரக் கட்டில். பிள்ளை வளர்ந்ததும் கழற்றி, கயிற்றால் கட்டி, அறை மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். “எல்லாம் இருக்கு அக்கா, பூட்டினால் சரி” என்பார்கள். நம்பி ஓட்டோவில் ஏற்றிவிடுவோம்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு சோடி இப்படி ஏற்றி வந்து வீட்டில் விரித்தால், போல்ட் போட்ட பையைக் காணோம். இந்தக் கட்டில்களின் கால் மரத்துக்குள் உருளையாக ஒரு நட் ஒளிந்திருக்கும். பக்கச் சட்டத்தின் போல்ட் அதில்தான் பிடிக்கும். அந்த அளவில் ஒன்று தேடி ரவுணில் ஹாட்வெயார் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கிடைத்தது நீளம் காணாது, நீளம் கண்டது புரி சேராது. கடைசியில் ஓடாவியாரைக் கூப்பிட்டார்கள். அவர் பாவம், தனக்குத் தெரிந்தபடி நாலு மூலைக்கும் தகடு வைத்து ஆணி அடித்துவிட்டார். கட்டில் நின்றது, ஆனால் மெத்தைத் தட்டு ஒரு பக்கம் சரிந்து.

அப்புறம் மெத்தை. கனடாக் கட்டிலுக்கு ஏறத்தாழ 52க்கு 28 அங்குலம். இங்கிலாந்துக் கட்டில் 120க்கு 60 சென்ரிமீற்றர், பெரிய வகை 140க்கு 70. இதை அளக்காமல் கடையில் இருந்ததை வாங்கிப் போட்டால், ஓரத்தில் என் கை முழுதாகப் போகிற இடைவெளி. அதற்குள் தலையணையை அடைத்து வைத்திருந்தார்கள்! கைப்பிள்ளையின் முகம் புதைந்து மூச்சு அடைபடுவது இந்த மாதிரி இடத்தில்தான். இரண்டு விரல் போனாலே அந்த மெத்தை சரிவராது, வேறு அளவில் வெட்டுவியுங்கள்.

கட்டில் காசு, ஓட்டோ, கூலி, மெத்தை எல்லாவற்றையும் கூட்டினால் ஓடாவியாரிடமே வேப்பமரத்தில் புதிதாகச் செய்வித்திருக்கலாம். பிள்ளை படுத்தது அம்மம்மா கட்டிக் கொடுத்த ஏணையில். கட்டிலில் இப்போது மடிக்காத உடுப்புகள் கிடக்கின்றன.

ஆகவே, விற்பவர் வீட்டிலேயே பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேரமில்லை, ஆளில்லை என்றால் திரும்பி வாருங்கள். பூட்டியதும் மேல் சட்டத்தைப் பிடித்து நன்றாக உலுப்புங்கள். கம்பிகளுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது, கையோடு அளவு நாடா கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கி ஏறுகிற கட்டில் என்றால் தொடவே வேண்டாம். அந்தப் பக்கம் கழன்று, பிள்ளைகள் இடையில் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011இல் அதன் விற்பனையையே நிறுத்தியது.

சில்லு வைத்த வோக்கர்

ஓசிக்குத் தந்தாலும் வேண்டாம். கனடாவில் 2004 முதல் விற்கவே தடை, பாவித்ததற்கும் சேர்த்து.

புதுப் பெயின்ற்றில் மயங்குவது

தாத்தா காலத்துத் தொட்டிலுக்கு நேற்று வெள்ளை அடித்து ‘புதுசு மாதிரி’ என்று விற்பார்கள். அடியில் எத்தனை படை இருக்கிறதோ! இங்கே இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2013இல். பல்லு முளைக்கிற பிள்ளை மேல் சட்டத்தைத்தான் கடிக்கும். சுரண்டிவிட்டு அடிக்கலாம் என்று யோசிக்காதீர்கள், அந்தத் தூசி இன்னும் மோசம்.

கார் சீற்

விபத்தில் அடிபட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. சொந்தக்காரருடையது, கதை முழுக்கத் தெரியும் என்றால் மட்டும் எடுங்கள். அடியில் காலாவதித் திகதி இருந்தால் அதையும் பாருங்கள்.

கனடாவிலிருந்து வந்த மின்சாமான்

பால் போத்தல் சூடாக்கி, அவிக்கும் பெட்டி, பால் எடுக்கும் பம்ப். பெட்டி கலையாமல் இருக்கும், விலையும் பாதிக்குப் பாதி. அங்கே 120 வோல்ற், எங்களிடம் 230. முனையை மாற்றிக் குத்தினால் புகைதான் வரும். லேபலில் ‘100–240’ என்று இருந்தால் வாங்கலாம். ‘120’ மட்டும் என்றால், அதற்கு ஏற்ற ட்ரான்ஸ்போமர் வாங்குகிற காசுக்கு இங்கேயே புதிதாக ஒன்று எடுக்கலாம். லண்டன் சாமான் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் 230தான்.