சாயங்காலம் இமை இறங்கினால் ஒரு படம் எடுத்து வையுங்கள்

அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போது முகம் பளிச்சென்று இருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இடது இமை பாதிக் கண்ணை மூடிவிடும், இரவுச் சோற்றை மென்று மென்று கடைசியில் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வார். வயசு, வெயில், இனிப்பு நீர் (நீரிழிவு) என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கிளினிக்குக்குக் காலையில் போனால் இமை நேராக நிற்கும், வைட்டமின் கொடுத்து அனுப்புவார்கள்.

கடைசியில் தெரிந்தது மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அடைத்துவிடுகிற நோய். வலியோ மரத்துப்போவதோ கிடையாது. தசை உழைக்க உழைக்கச் சோரும், ஓய்வெடுத்தால் திரும்பும். சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியும், சிலருக்குப் பேசப் பேசக் குரல் மூக்கால் வரும்.

அதனால் கைபேசியில் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம். ஒரு நிமிடம் மேலேயே பார்க்கச் சொல்லி வீடியோ எடுத்தால் இமை மெல்ல இறங்குவது தெரியும். துணியில் சுற்றிய ஐஸை மூடிய கண்மேல் 2 நிமிடம் வைத்துப் பாருங்கள், இமை தூக்கிக்கொண்டால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தச் சோதனை, நரம்புச் சோதனை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பார்க்க நெஞ்சு ஸ்கேன் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில். ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை விழுந்தாலோ படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், பக்கவாதமாக இருக்கலாம், அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த நோயில் தசைக்குத் தெம்பு தரக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை மூன்று நான்கு மணி நேரம்தான் தாங்கும். அம்மா பசியாறிய பிறகுதான் போடுவார், மெல்லும் நேரத்துக்கு அது உதவவே இல்லை. டாக்டர் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் என்று மாற்றியதும் தாடையிலிருந்து கை இறங்கியது. வயிறு கொஞ்சம் கடுக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தால் இனிப்பு நீர் ஏறலாம், அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், சளிக்காய்ச்சலுக்கு வேறு கிளினிக் போனால் நோயின் பெயரைத்தான் முதலில் சொல்லவேண்டும். சிப்ரோஃபிளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள், மெக்னீசியம் ஊசி இவையெல்லாம் பலவீனத்தைக் கூட்டலாம். அம்மாவின் ஐசிக்கு (அடையாள அட்டை) பின்னால் இந்தப் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செருகியிருக்கிறேன்.

படுத்தால் மூச்சு முட்டுவது, குடித்த தண்ணீர் மூக்கில் ஏறுவது, ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.