பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: வயரிங்கும் ஐசொலேட்டரும்

லைட் சுவிட்சை அணைத்தாச்சு, ஃபேனும் நின்னாச்சு, இனி கை வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வீட்டு அக்கா ஸ்டூல் மேல் ஏறி, ஃபேன் மூடியைக் கழற்றி, ஈரத்துணியால் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, கொஞ்சம் இறங்குங்க" என்று சொல்லிவிட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். லைட் அணைந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு முனையில் 230 வோல்ட் அப்படியே நின்றது.

காரணம் டைமர். லைட்டை அணைத்த பிறகும் சில நிமிடம் ஓடி ஈரத்தை வெளியேற்றும் ஃபேன் அது. அதற்கு இரண்டு லைவ் வயர், அதாவது கரண்டைக் கொண்டுவரும் வயர், போகும். ஒன்று சுவிட்ச் வழியாக வருவது. லைட் போட்டாச்சு, அணைத்தாச்சு என்று ஃபேனுக்குச் சொல்வது அதுதான். இன்னொன்று நிரந்தர லைவ். சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபேன் நின்ற பிறகும் அதில் கரண்ட் இருக்கும்.

செய்முறைக்குப் போகும் முன் ஒன்று. சிங்கப்பூரில் வீட்டு வயரிங் வேலை, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியரின் வேலை. நானும் அப்படி ஒருவரின் கீழ்தான் வேலை பார்க்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி, தங்கைகள் இதைப் படித்துவிட்டு உங்கள் மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது செய்யுங்கள். வீட்டுக்காரர்கள் படித்துவிட்டு, வருகிறவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்.

1. கரண்டை நிறுத்துவது. டிபி பெட்டியில் (வீட்டு மின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) லைட்டுக்கான எம்சிபியை (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள சிறு பிரேக்கர்) அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எம்சிபி பெரும்பாலும் லைவை மட்டும்தான் துண்டிக்கும், கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரைத் துண்டிக்காது. எது எந்த சர்க்யூட் என்று சந்தேகம் வந்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். வீட்டில் கொஞ்ச நேரம் வியர்த்தால் பரவாயில்லை.

2. செத்துவிட்டதா என்று பார்ப்பது. இதில் அவசரமே கூடாது. பலர் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை வைத்துப் பார்த்து, விளக்கு எரியவில்லை என்றால் திருப்தி ஆகிவிடுகிறார்கள். அந்தச் சின்ன விளக்கு உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் மின்சாரத்தில் எரிவது. காய்ந்த ஃபைபர் ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றால், லைவ் இருந்தும் அது எரியாமல் போகலாம். இரண்டு முனை டெஸ்டர் வாங்குங்கள். முதலில் கரண்ட் இருக்கிற ஓர் இடத்தில் வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃபேனில்: நிரந்தர லைவ், சுவிட்ச் லைவ், நியூட்ரல், எர்த், இந்த நான்கில் எந்த இரண்டுக்கு இடையிலும் ஒன்றும் காட்டக்கூடாது. கடைசியாகப் பழைய இடத்திலேயே மறுபடி வைத்து, டெஸ்டர் இடையில் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

3. ஐசொலேட்டர். ஃபேனை மட்டும் கரண்டிலிருந்து முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச் இது. டைமர் இல்லாத ஃபேன் என்றால் டபுள் போல் (இரண்டு வயரைத் துண்டிப்பது) போதும். டைமர் இருந்தால் ட்ரிபிள் போல்தான் போட வேண்டும். அது இரண்டு லைவையும் நியூட்ரலையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும். பாத்ரூமுக்கு வெளியே, கதவுக்கு மேலே வையுங்கள். அந்த அக்கா வீட்டில் இது ஒன்று மட்டும் இருந்திருந்தால் போதும்.

4. வயர். 1.5 சதுர மில்லிமீட்டர். நிரந்தர லைவ், சுவிட்ச் லைவ், நியூட்ரல் மூன்றும் அதே லைட் சர்க்யூட்டிலிருந்தே வர வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று வாட்டர் ஹீட்டர் சுவிட்சிலிருந்து லைவ் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். லைட்டின் எம்சிபியை அணைத்தாலும் அந்த லைவ் சாகாது. அடுத்து ஏணியில் ஏறுபவருக்கு அது தெரியவும் தெரியாது.

நிறத்தையும் கவனியுங்கள். 2009இல்தான் இங்கே நிறம் மாறியது. இப்போது லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம். பழைய வீடுகளில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. எர்த் மட்டும் அப்போது மாறவில்லை, பச்சை மஞ்சள்தான். பழைய மூன்று ஃபேஸ் இணைப்பில் (மூன்று லைவ் வரும் இணைப்பு) நீலமும் ஒரு லைவாக இருக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் டெஸ்டரை நம்புங்கள்.

5. இணைப்பு. ஃபேன் முனைகளில் 'எல்' நிரந்தர லைவ், 'என்' நியூட்ரல், 'எல்டி' அல்லது 'எஸ்எல்' சுவிட்ச் லைவ். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வரும் தாளைப் பாருங்கள். தனி ஃபியூஸ் வேண்டும் என்று அதில் போட்டிருந்தால் போட்டே ஆக வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் குறியிட்ட (இரட்டை இன்சுலேஷன் உள்ள) ஃபேனுக்கு எர்த் தேவையில்லை; ஆனாலும் எர்த் வயரை வெட்டி எறியாமல் ஒரு கனெக்டரில் பத்திரமாக முடித்து வையுங்கள்.

6. சோதனை. மின் ஊழியர் தன் சோதனைகளை முடித்த பிறகு எம்சிபியைப் போடுங்கள். ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது உடனே அணைய வேண்டும்; பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். சட்டப்படி இங்கே எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி போட 2025 ஜூலை 1 கடைசி நாளாக இருந்தது. இன்னும் இல்லையென்றால் ஃபேனை விட்டுவிட்டு முதலில் அதை முடியுங்கள்.

பிறகு லைட்டைப் போட்டு அணையுங்கள். ஃபேன் தொடர்ந்து ஓடும்போதே ஐசொலேட்டரை அணைத்தால் சட்டென்று நிற்க வேண்டும். திரும்பப் போட்டு, ஒரு டிஷ்யூ தாளை ஃபேனின் முன்பக்கக் கிரில்லுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று போகிறது. கதவை மூடியதும் தாள் விழுந்தால், கதவுக்கு அடியில் காற்று உள்ளே வர இடைவெளி போதவில்லை.