ஸ்விட்ச் போர்ட்டை ஒரு பக்கம் மட்டும் ஃபுல் டூப்ளெக்ஸில் வைக்காதீர்கள்
மதுரை மாசி வீதிக் கடைகளில் பில்லிங் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டே இருந்தால் உடனே கேபிளை மாற்றுகிறார்கள். அதற்கு முன் நெட்வொர்க் ஸ்விட்சில் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி) அந்தக் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டைப் பாருங்கள். கேபிளின் ஒரு முனையில் 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) என்று கையால் வைத்து, மறுமுனையை ஆட்டோவில் (தானே முடிவு செய்யும்படி) விட்டால், ஆட்டோ முனை வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸ் தெரியாமல் ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது வாங்குவது மட்டும்) இறங்கிவிடும். பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன சோதனை) ஒழுங்காகவே வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பெரிய ஃபைல் போகும்போதுதான் திணறும். சிஸ்கோ ஸ்விட்சில் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள்; 'ஏ-ஹாஃப்' (ஆட்டோவில் ஹாஃபுக்கு வந்தது) என்று காட்டினால் பெரும்பாலும் இதுதான். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷனும் (தாமதமாக நடக்கும் மோதல்), ஃபுல் பக்கம் சிஆர்சி பிழையும் (டேட்டா சிதைந்து வந்ததன் அடையாளம்) ஏறிக்கொண்டே போகும்.

சரி, என்ன செய்வது? இரண்டு முனையையும் ஆட்டோவில் விடுங்கள். அப்புறம் மறக்காமல் ஸ்விட்சில் செட்டிங்கை சேவ் செய்யுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்தால் பழைய செட்டிங்கே திரும்பிவிடும்.