பொதுத் தரவைக் காட்சித் தொகுப்பியில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல மொழி விக்கிப்பீடியாக்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவு 2012 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே பல விக்கிப்பீடியாக்களில், விக்கிக் குறியீடுகளை எழுதாமல் பக்கத்தைப் பார்த்தபடியே தொகுக்க உதவும் காட்சித் தொகுப்பி பயன்பாட்டுக்கு வந்தது. ஆயினும், கட்டுரையின் முக்கிய விவரங்களைச் சுருக்கமாகத் தரும் தகவற்பெட்டியில் தவறான எண்ணைக் கண்டு அதைத் திருத்த வரும் பயனர் தொகுப்பியைத் திறந்தால், பல வேளைகளில் அந்த எண் அங்கே இருப்பதில்லை. பல பக்கங்களில் பயன்படும் ஆயத்த அமைப்பான வார்ப்புருவின் பெயர் மட்டுமே இருக்கிறது; எண்ணோ விக்கித்தரவிலிருந்து வருகிறது. பயனர் அந்தப் பக்கத்திலிருந்தபடியே அதைத் திருத்த வழி செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல மொழிகள் பகிர்ந்துகொள்ளும் தரவை ஒரு பக்கத்தின் உரையைப் போல எண்ணி இணைப்பை வடிவமைத்தால், ஒரு கட்டுரையில் செய்யும் பிழை நூறு கட்டுரைகளுக்குப் பரவும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தரவை வெறும் மதிப்பாகக் கருதி ஒரு உள்ளீட்டுக் கட்டத்தை மட்டும் காட்டுவது. விக்கித்தரவில் ஒரு கூற்று என்பது பண்பும் (‘மேயர்’ போன்ற விவர வகை) மதிப்பும் (அவர் பெயர்) மட்டுமன்று. எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்ற துணை விவரங்களும், சான்றுகளும், விரும்பத்தக்கது, இயல்பானது, கைவிடப்பட்டது என்னும் மூன்று நிலைகளுள் ஒன்றும் அதனுடன் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு நகரத்துக்குப் புதிய மேயர் வந்துவிட்டார் என்று கொள்வோம். பயனர் கட்டத்தில் உள்ள பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிய பெயரை எழுதிச் சேமித்தால், பழையவர் பதவியில் இருந்தார் என்ற உண்மை அழிகிறது. அவருடைய பதவிக்காலமும் அவருக்கான சான்றும் புதியவரின் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. முன்னாள் மேயர்களின் பட்டியலை அதே தரவிலிருந்து உருவாக்கும் வேறொரு மொழிக் கட்டுரையில் அவர் காணாமல் போகிறார். விக்கிமீடியாவின் ஜெர்மானியக் கிளை உருவாக்கிய ‘விக்கித்தரவுப் பாலம்’ என்னும் கருவி இதற்கு நல்ல வழி காட்டியது: முன்பிருந்த மதிப்பே தவறானதா, அல்லது முன்பு சரியாக இருந்து இப்போது பழையதாகிவிட்டதா என்று அது பயனரையே கேட்டது. முதல் விடைக்குப் பழைய மதிப்பைத் திருத்தலாம். இரண்டாவதற்குப் பழையதை விட்டுவைத்துப் புதிய கூற்றைச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைத் தேவையற்ற இடையூறு என்று நீக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது தவறு, திருத்தம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை மறைப்பது. ஒரே ‘வெளியிடு’ பொத்தான் இருந்தால் பார்வைக்கு எளிமைதான்; ஆனால் உள்ளே நடப்பவை இரண்டு சேமிப்புகள். கட்டுரை ஒரு விக்கியிலும் தரவு மற்றொரு விக்கியிலும் பதிவாகின்றன. இரண்டையும் சேர்த்து வெற்றியாக்கவோ சேர்த்து விலக்கவோ பொதுவான ஏற்பாடு இல்லை. ஒன்று பதிவாகி மற்றொன்று தோற்றால் எது நின்றது, எது நிற்கவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியதை இழக்காமல் மீண்டும் முயலவும் இடம் கொடுங்கள். கட்டுரையைத் தொகுக்க இசைவுள்ளவர் விக்கித்தரவில் தடை செய்யப்பட்டிருக்கலாம்; அந்தப் பொருளுக்கான விக்கித்தரவுப் பக்கம், அதாவது உருப்படி, எல்லாரும் தொகுக்க முடியாதபடி காக்கப்பட்டும் இருக்கலாம். இதைச் சேமிக்கும் நொடியில் அன்று, கட்டத்தைத் திறக்கும்போதே சரிபார்க்க வேண்டும். உரிமமும் வேறுபடுகிறது: விக்கித்தரவின் தரவு சிசி0 என்னும் ஏற்பாட்டின் வழியாக எல்லா உரிமைகளையும் துறந்து வெளியாகிறது, கட்டுரையோ ஆக்கர் பெயரைக் குறிப்பிடவும் அதே உரிமத்தில் பகிரவும் கோருகிறது. ஆகவே தரவைச் சேமிக்கும் முன் அதற்குரிய ஒப்புதலைத் தனியே பெறுவது கட்டாயம்.

திரையில் தெரிவதே தரவு என்று நம்புவது அடுத்த தவறு. வார்ப்புரு எண்ணைத் தோராயமாக்கியிருக்கலாம், அலகை மாற்றியிருக்கலாம், பல மதிப்புகளுள் அண்மையதைத் தேர்ந்திருக்கலாம். கட்டுரையிலேயே எழுதிய மதிப்பு பொதுத் தரவை மறைத்துக்கொண்டும் இருக்கலாம். இப்படி மறைத்துக்கொண்டிருக்கும்போது பயனர் பொதுத் தரவைத் திருத்தினாலும் பக்கத்தில் எதுவும் மாறாது, அவர் மீண்டும் மீண்டும் திருத்துவார். எனவே எந்த உருப்படியின் எந்தப் பண்பிலிருந்து மதிப்பு வருகிறது என்பதை வார்ப்புருவே அறிவிக்க வேண்டும். தொகுப்பி ஊகிக்கக் கூடாது. தேதிகளில் இன்னும் கவனம் வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்த பிறப்புத் தேதியை நாட்காட்டிக் கட்டத்தில் திணித்தால் அது சனவரி 1 ஆகிவிடும். இல்லாத துல்லியம் உண்மைபோல் எல்லா மொழிகளுக்கும் போய்ச் சேரும்.

சான்றைக் கேட்காமல் விடுவது பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை: அந்தக் கட்டத்தை ஒரு சொடுக்குக்கு அப்பால் மறைத்து வைத்தால் பெரும்பாலோர் நிரப்ப மாட்டார்கள்.

கண்காணிப்பவர்களையும் மறக்கக் கூடாது. இத்தகைய திருத்தம் கட்டுரையின் வரலாற்றில் பதிவாவதில்லை. கவனிப்புப் பட்டியலில் விக்கித்தரவு மாற்றங்களைக் காட்டும் விருப்பத்தேர்வை இயக்காதவருக்கு அது தெரியவே தெரியாது. தொகுப்பி வழியாக வந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி அடையாளச் சீட்டு இடுவதும், எந்த விக்கியிலிருந்து வந்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் எழுதுவதும், தவறு நேர்ந்தால் ஒரே இடத்திலிருந்து அவற்றைத் தேடி மீளமைக்க உதவும். இந்த வசதியைக் கருவியின் முதற்பதிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் வெளிவரும் கருவியைப் பல விக்கிச் சமூகங்கள் ஏற்கத் தயங்கும், அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு.