அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களங்களைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வார இறுதியில் நாலைந்து போர்க்களங்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த போர் இது. களங்கள் பல மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கிலிருந்து மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறது. வாஷிங்டனில் தங்கினால் கெட்டிஸ்பர்க்குக்கு முழுதாக இரண்டு நாள், மேரிலாந்தின் ஆன்டீட்டமுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்த இரண்டுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரம்தான். கெட்டிஸ்பர்க்குக்குப் பயணிகள் ரயில் கிடையாது. கார் இல்லாமல் சிரமம்.

பெயரிலும் குழப்பம் வரும். வடக்குப் படை பெரும்பாலும் அருகிலிருந்த ஓடையின் பெயரைச் சூட்டியது, தெற்குப் படை ஊரின் பெயரை. புல் ரன், மனாசஸ் இரண்டும் ஒரே களம். ஆன்டீட்டமும் ஷார்ப்ஸ்பர்க்கும் அப்படியே. இது தெரியாமல் ஒரே இடத்தை இரண்டு நாளில் எழுதி வைப்பவர்கள் உண்டு.

கெட்டிஸ்பர்க்கில் பார்வையாளர் மையத்திலிருந்து நேரே லிட்டில் ரவுண்ட் டாப் குன்றுக்குப் போய்விடாதீர்கள். அது இரண்டாம் நாள் சண்டை நடந்த இடம். 1863 ஜூலை 1 காலையில் போர் தொடங்கியது ஊருக்கு மேற்கே மெக்பர்சன் மேட்டில். அங்கிருந்து தொடங்கினால்தான் வடக்குப் படை ஏன் ஊரைவிட்டுப் பின்வாங்கி, தெற்கே உள்ள மேடுகளைப் பிடித்தது என்பது விளங்கும். ஆன்டீட்டமிலும் வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள்: காலையில் சோளக்காடு, நண்பகலில் பள்ளச்சாலை, பிற்பகலில் பர்ன்சைடு பாலம். 1862 செப்டம்பர் 17 அன்று சண்டை நகர்ந்த வரிசையே அதுதான். அந்த ஒரே நாளில் கொல்லப்பட்டோர், காயமடைந்தோர், காணாமல் போனோர் சேர்த்து சுமார் 23,000 பேர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு காரைவிட்டு இறங்காமலே சுற்றுவது. கெட்டிஸ்பர்க்கின் 24 மைல் கார்ப் பாதையை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் நிலம் புரியாது. ஜூலை 3 பிற்பகலில் தெற்குப் படையின் சுமார் 12,000 வீரர்கள் ஏறக்குறைய ஒரு மைல் திறந்த வெளியைக் கடந்து தாக்கினார்கள். தெற்குத் தளபதி பிக்கெட்டின் பெயரால் வழங்கும் பிக்கெட் தாக்குதல் இதுதான். சாலையிலிருந்து பார்த்தால் அந்த வயல் தட்டையாகத் தெரியும். தெற்குப் படை கிளம்பிய பக்கம் உள்ள வர்ஜீனியா நினைவுச்சின்னத்திலிருந்து, எதிரே வடக்குப் படை நின்ற கல்சுவர் வரை நடந்து பாருங்கள்: சில இடங்களில் தரை தாழ்ந்து, எதிர்மேடு கண்ணிலிருந்தே மறைந்துவிடும். வீரர்களுக்குச் சிறிது நேரம் மறைவு கொடுத்தவை அந்தத் தாழ்வுகள்தான். மேலே ஏறியதும் பீரங்கிகளுக்கு நேர் முன்னால் வந்துவிட்டார்கள். போக மட்டும் அரை மணி நேரம் ஆகும், நிழலே இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் நடந்தால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், படமும் நன்றாக விழும்.

வழியில் நிற்கும் பீரங்கிகளையும் கவனியுங்கள். பச்சை பூத்தவை பெரும்பாலும் வெண்கல நெப்போலியன் வகை. கறுப்பு இரும்பாக இருப்பவை பெரும்பாலும் குழலுக்குள் சுருள்வரி வெட்டியவை, இன்னும் தொலைவுக்குக் குறிபார்த்துச் சுடக்கூடியவை.

உரிமம் பெற்ற வழிகாட்டியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கோடையில் கிடைப்பது கடினம். உங்கள் காரிலேயே வந்து இரண்டு மணி நேரம் விளக்குவார். வழக்கமாக அவரே ஓட்டுவார் என்பதால், வாடகைக் காராக இருந்தால் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் காப்பீடு செல்லாமல் போகலாம்.

ஜூலை முதல் வாரத்தில் கூட்டமும் புழுக்கமும் தாங்காது. ஏப்ரல் கடைசி, மே, அக்டோபர் நல்ல மாதங்கள். எந்த மாதமானாலும் புல்லில் உண்ணி இருக்கலாம். அது கடித்து லைம் என்ற பாக்டீரியா நோய் வரலாம். முழுக்கால்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் பிடுங்கிவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

ட்ரோன், உலோகம் தேடும் கருவி இரண்டும் தேசியப் பூங்காக்களில் தடை. மழைக்குப் பிறகு பழைய ஈயக்குண்டு மேலே தெரிந்தாலும் எடுக்கக் கூடாது. அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எந்தப் படை எங்கே நின்று சுட்டது என்று ஆய்வாளர்கள் கணிப்பது குண்டு கிடந்த இடத்தை வைத்துத்தான். தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.